நேராக்கிய கணுக்கால்

மருத்துவக் கல்லூரியில் அவரைப் படக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கேமரா வந்து சேராத காலம். மேஜையில் அறுத்து வைத்திருப்பதைப் பார்த்து, பாடப் புத்தகத்துக்கு மயிரிழை பிசகாமல் வரைவது அவர் வேலை. அவர் வரைந்த விரலில் நகம் வளரும், வாராவாரம் வெட்டிவிட வேண்டும் என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, அறுப்பு அறை உதவியாளர் ஒரு தட்டில் இடது கால் ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார். கணுக்காலைச் சுற்றித் தோலை உரித்து, எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களைப் பிரித்துக் காட்டியிருந்தார். விரல்களில் மட்டும் தோல் அப்படியே இருந்தது. இரண்டாவது விரலும் மூன்றாவதும் நகம்வரை ஒட்டியிருந்தன.

படக்காரரின் அப்பாவுக்கு அப்படித்தான். அண்ணனுக்கும் அப்படித்தான்.

வெளிப்பக்கக் கணு எலும்பைப் பார்த்தார். எப்போதோ உடைந்து, கோணலாகக் கூடி, மேடுதட்டிப் போயிருந்தது. பன்னிரண்டு வயதில் அண்ணன் மதில்மேலிருந்து குதித்து உடைத்துக்கொண்டதும் அதே இடத்தில்தான். உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"இது யாரோடது?"

"யாருக்குத் தெரியும்ண்ணே? கேட்பாரில்லாம ஆஸ்பத்திரியில செத்த ஆளு. மத்ததையெல்லாம் போன வாரமே புதைச்சாச்சு."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"தாடி வச்சிருந்தாரு. அவ்வளவுதான் ஞாபகம்."

இவரோடு ஒரு வாய்த்தகராறில் கிளம்பிப்போன அண்ணன் பதினோரு வருஷமாகத் திரும்பவில்லை. அண்ணி அன்றிலிருந்து படக்காரர் வீட்டில்தான் இருந்தாள்.

அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து, கோணலைக் கோணலாகவே வரைந்தார். பேராசிரியர் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னய்யா இது? பசங்க கணுக்காலே இப்படித்தான்னு நினைச்சுக்குவாங்க. எலும்பை நேராக்கு. அந்த ஒட்டு விரலையும் பிரிச்சுப் போடு."

"இருக்கிறது இதுதாங்க ஐயா."

"அது எனக்குத் தெரியாதா? நல்ல காலுக்கு நான் எங்க போறது?"

அது என் அண்ணன் கால் என்ற சொல் தொண்டைவரை வந்தது. நான்கு நாள் எப்படி உட்கார்ந்து வரைந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ரப்பரை எடுத்து அழித்தார்.

படத்தை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வருவதற்குள் காலை எடுத்துப் போயிருந்தார்கள். "எல்லாம் ஒரே குழிதாண்ணே. சுண்ணாம்பு கொட்டி மூடியாச்சு" என்றார் உதவியாளர்.

ஒரு மாதம் மென்று முழுங்கியவர், ஒருநாள் சமையலறையில் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"முகத்தைப் பாத்தீங்களா தம்பி?"

"இல்ல அண்ணி. கால்தான்."

அச்சான படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல உடைஞ்ச எலும்பு எங்க? விரல் எங்க ஒட்டியிருக்கு?"

"நான்தான் மாத்தினேன். மாத்தச் சொன்னாங்க."

"எனக்கு ஆக்கிப்போட்டுச் சலிச்சுப்போச்சுன்னா போன்னு சொல்லுங்க, போறேன். அதுக்காக அவரைச் சாகடிக்கணுமா?"

மறுநாள் காலையில் அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். படக்காரரின் மனைவி வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். "ஏங்க, அது நெஜமாவே அவர்தானா?" என்று கேட்டாள்.

அவர் உள்ளே போனார். பென்சிலை எடுத்து, பார்த்ததைப் பார்த்தபடி மறுபடி வரைய உட்கார்ந்தார். மேடு எவ்வளவு உயரம், கோணல் எந்தப் பக்கம், ஒன்றும் பிடிபடவில்லை. கை நேரான எலும்பையே போட்டது. ஒட்டு விரல் உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காதா என்ற எண்ணமும் அன்றுதான் வந்தது. வந்தது போகவேயில்லை.

ஆறு வருஷம் கழித்து அண்ணி இறந்த சேதி வந்து, அவள் அக்கா வீட்டுக்குப் போனார். அதுவரை எத்தனையோ முறை போய்த் தட்டியும் திறக்காத கதவு அகலத் திறந்திருந்தது. அண்ணியின் அக்கா அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. உங்க அண்ணன் முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவாராம். வந்தா இந்த வீட்டு விலாசத்தைக் குடுக்கணுமாம்."

"சரிங்க" என்றார் படக்காரர்.