சிவனொளிபாத மலைப் படியில் சந்தித்தவர்

போர் நடந்த வடக்கில், முரசுமோட்டையில் எங்கள் வயலுக்குள் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவன் நான். போன மாசியில் மனைவியோடு சிவனொளிபாத மலைக்குப் போனேன். சிவனின் பாதம் பதிந்தது என்று நாங்கள் கும்பிடும் அந்த மலையை, புத்தரின் பாதம் என்று சிங்களவர்கள் சிறீபாத என்கிறார்கள். முஸ்லிம்களுக்கு அது ஆதம் மலை. காலங்காலமாக எல்லோரும் ஏறுவது ஒரே மலையில்தான்.

பாதி வழியில் பொய்க்காலுக்குள் புண்ணாகி இரத்தம் கசிந்தது. படியோரம் இருந்து அதைக் கழற்றினேன். எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஒரு சிங்களவர் திரும்பி வந்து பக்கத்தில் அமர்ந்து, தன் காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். அவருக்கும் பொய்க்கால். பையிலிருந்து வெட்டுக்காலில் மாட்டும் புதுக் காலுறையொன்றை எடுத்து, என் புண்ணைத் துடைத்து, தானே மாட்டிவிட்டார்.

"எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார்.

"முரசுமோட்டை."

காலுறையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"நான் அங்க ஆமியில இருந்தது. மிதிவெடி புதைச்சது நாங்கதான். பிறகு நானே ஒண்டு மிதிச்சது."

வெடி புதைத்தவனின் முகத்தை எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறேன். அவனுக்கும் கால் போயிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"கழட்டி எறியுங்கோ அதை!" என்று மனைவி கத்தினாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

காலுறையில் கை வைத்தேன். கழற்ற மனம் வரவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. பொய்க்காலை மாட்டினேன். எழும்ப அவர் கை நீட்டினார். நான் படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

உச்சியில் அவரும் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். ஒரு வேண்டுதலும் என் நினைவுக்கு வரவில்லை.

இறங்கும்போது மனைவி மெல்லக் கேட்டாள்: "அந்த மனுசனை மன்னிச்சிட்டீங்களோ?"

"தெரியேல்லை" என்றேன்.

இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.