பதினேழு ஒன்றுகள்

அய்கானிஷின் பார்வைக்கு இந்தக் குளிர்காலம் வரைதான் கெடு என்று நாரின் நகரத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளுக்குக் கவலை கண்ணைப் பற்றியா? அதுதான் இல்லை. பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணைப் பற்றி. கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அதைப் பிடித்தவள், பதினான்கு வருடமாக விடவில்லை. அதை மீதியில்லாமல் வகுக்கும் எண் எங்கோ இருக்கிறது. கண் அணைவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

அந்த எண் பார்க்கத்தான் பரம சாது. மூன்றால் போகாது, ஏழால் போகாது. அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், மிச்சம் முப்பத்துநான்கால் வகுபட வேண்டும். மற்றவையெல்லாம் வாசலோடு சரி. அப்படிக் கழித்தும் ஆயிரக்கணக்கில் மிஞ்சின. நாளுக்கு நான்கு வகுத்தல், கட்டம் போட்ட நோட்டில். ஊர் அவளைக் கிறுக்கி என்றது. ஆடு மேய்த்த கணவன் துருஸ்பெக் மட்டும், "நான் ஆட்டை எண்றேன், இவ ஒன்னை எண்றா, அவ்வளவுதானே" என்று டீ ஊற்றிக் கொடுப்பான். ஏழாம் வருடம் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இந்த இலையுதிர் காலத்தில் நோட்டின் கட்டங்களே அவளுக்குத் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை முகத்தோடு ஒட்டிக்கொண்டு, "இன்னும் ஒன்னே ஒன்னு" என்று யாரிடமோ கெஞ்சினாள். மருமகள் நுர்ஜமாலுக்கு மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. போன்ல தேடிட்டேன். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்துமூணாம்."

"உளறாதடி. அதை எப்பவோ தாண்டியாச்சு. இப்ப நாப்பத்தேழு லட்சத்துல நிக்கறேன்."

"பழைய நோட்டைப் பாத்துடலாமா?"

பெட்டியைக் குடைந்து எடுத்தார்கள். அந்த எண் இருந்தது. கீழே பெரிய மீதி ஒன்றும் இருந்தது. அய்கானிஷ் மறுபடி வகுத்தாள். ஒரு மணி நேரம். மீதி பூஜ்யம்.

"ஏழு வருஷம்! போக வேண்டிய வீட்டைத் தாண்டிப் போய் ஏழு வருஷம் நடந்திருக்கேன்!" தலையில் அடித்துக்கொண்டாள். "என்னைக்குடி போட்ட கணக்கு இது?"

நுர்ஜமால் பக்கத்தின் மேலே இருந்த தேதியைப் படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

"சொல்லித் தொலையேன்!"

"மாமா தவறின மறுநாள், அத்தை."

அன்று ஊர் வழக்கப்படி அய்கானிஷ் துக்கக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆட்கள் அழுதுகொண்டு வரும்போதெல்லாம் விதவை குரலெடுத்து ஒப்பாரி சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். இடைவெளிகளில், கறுப்புச் சால்வைக்குள் மடியில் நோட்டை வைத்து வகுத்தாள். அந்த எண்ணை விட்டால் உடைந்துவிடுவோம் என்று பயந்தாள். ஆறு முறை ஆட்கள் வந்தார்கள், ஆறு முறை கணக்கு அறுந்தது. அதில் ஒன்றில் ஒரு இலக்கம் தவறியிருந்தது.

"அந்த மனுஷனுக்கு ஒழுங்கா அழக்கூட இல்லடி நான்" என்றாள்.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, துருஸ்பெக்கின் பெயரைச் சொல்லிக் குரலெடுத்தாள். இந்த முறை அவள் மடியில் ஒன்றும் இல்லை.