நாற்பத்தேழாம் செம்பனை

பேய் வர நடுராத்திரி ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது பட்டப்பகலில் நடந்தது. நடந்தது என்றால் நடந்ததுதான். நம்பாதவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜெரால்டினைப் பார்த்தால் இடது கையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விரல்கள் இருக்காது.

அவளுக்கு ஷா ஆலமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் அடித்தண்டைத் தின்று மரத்தையே சாய்க்கும் காளானுக்கு மருந்து கண்டுபிடித்திருந்தாள். மருந்து என்றால் விஷமில்லை, ஆர்.என்.ஏ. உயிருள்ள எதுவும் தன் உடம்புக்குள் "இதைச் செய், அதைச் செய்" என்று ஓயாமல் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. அவள் தயாரித்ததை மரத்தில் ஏற்றினால் காளான் உறிஞ்சிக்கொள்ளும். அதன் முக்கியமான சீட்டு ஒன்று அழியும். காளான் சாகும்.

பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் அறுபது மரங்களுக்கு ஏற்றினாள். ஐம்பத்தொன்பதில் காளான் காய்ந்து உதிர்ந்தது. நாற்பத்தேழாம் மரத்தில் மட்டும் வாரத்துக்கு வாரம் தடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. மூன்று வருட உழைப்பு. வயிறு எரியாதா?

செவ்வாய்க்கிழமை மதியம் 2.40. அந்தக் காளானில் ஒரு துண்டு வெட்டியெடுக்கப் போனாள். துணைக்கு வந்தவர் தோட்டத்துக் கங்காணி, மண்டோர் சபாபதி. இடுப்பில் பாராங் கத்தி.

"இந்த மரம் வேணாம் மிஸ். வேற எதையாச்சும் வெட்டிக்குங்க லா."

"இதுதான் வேணும் அங்கிள். நீங்க ஐஸ் பெட்டிய மட்டும் திறந்து வைங்க."

உயிர் போனதுமே ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். வெட்டிய கையோடு உலர் பனிக்குள் போட வேண்டும். அதனால் அவள் பேச்சை வளர்க்கவில்லை. காளானைத் தொட்டாள்.

கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது.

காளான் சுடுமா? வெப்பமானியைச் சொருகினாள். 36.9. காய்ச்சல் இல்லாத மனித உடம்பின் சூடு. கையை இழுத்துக்கொண்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மணி 2.49. கத்தியை இறக்கினாள்.

டொக்.

வண்டாக இருக்கும் என்று நினைத்தாள். துண்டு கையோடு வந்தது.

டொக்... டொக்...

சத்தம் மரத்திலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

சபாபதியின் முகத்தில் ஈயாடவில்லை. "நாகையா..." என்றார்.

"யாரு அங்கிள்?"

சபாபதி பாராங்கை ஓங்கினார்.

"இன்னும் சாவலயாடா நீ? சாவுடா!"

வெறி பிடித்தவர்போல மரத்தோடு சேர்த்துக் காளானைக் கொத்தினார். அவள் இடது கை அதன்மேல் இருந்தது. இரண்டு விரல்கள் தெறித்துப் புல்லில் விழுந்தன. அவள் அலறியது அவர் காதில் ஏறவில்லை. வெட்டினார்... வெட்டிக்கொண்டே இருந்தார்.

மண் உள்வாங்கியது. அவர் வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது.

"விடுடா... விடு..."

மண்ணுக்குள் எலும்பு நொறுங்கியது. ஒருமுறை... இன்னொருமுறை.

அவர் தன் காலையே வெட்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது வெட்டுக்குப் பிறகு அவர் குரல் நின்றது.

ஜெரால்டின் வலது கையிலிருந்த துண்டைப் பனிப்பெட்டியில் போட்டு மூடினாள். பழக்கதோஷம். மணி 2.52. பிறகு மயங்கி விழுந்தாள்.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் கண் விழித்தபோது சபாபதி இறந்துவிட்டிருந்தார். வேர் அழுகி மண் இறங்கியது, பயத்தில் காலை வெட்டிக்கொண்டார் என்றது போலீஸ். குழியைத் தோண்டியதில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. பதினோரு வருடங்களுக்கு முன் காணாமல்போன டிராக்டர் ஓட்டுநர் நாகையா. ஆள் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டதாகத் தோட்டமெங்கும் சொல்லிவைத்தவர் சபாபதிதான். இருவருக்கும் என்ன பகை என்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்யும் டீனா அறிக்கையோடு வந்தாள்.

"உன் மருந்து வேலை செஞ்சிருக்கு. காளான் எப்பவோ செத்துப்போச்சு. புரொஜெக்ட் தப்பிச்சிருச்சு."

"அப்புறம் எப்படி வளந்துச்சு?"

டீனா தாளைத் திருப்பினாள். "அதுல மனுஷ ஆர்.என்.ஏ. இருக்கு."

"என் ரத்தம் பட்டிருக்கும். இல்லன்னா மண்டோர் ரத்தம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவளுடையது இல்லை. சபாபதியுடையதும் இல்லை. எலும்புக்கூட்டோடு பொருந்தியது. எலும்பு எத்தனை வருடமானாலும் மண்ணில் கிடக்கும். ஆர்.என்.ஏ. அப்படிக் கிடக்காது. உயிரோடு இருக்கும் உடம்புதான் அதை எழுதும்.

அந்தச் சீட்டுகளில் என்ன எழுதியிருந்தது என்பதையும் டீனா படித்துச் சொன்னாள். மூச்சு அடைபடும்போது மனித உடம்பு அவசர அவசரமாக எழுதுபவை அவை. ஒன்றுகூடச் சிதையவில்லை, எல்லாமே புதியவை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நாகையாவுக்கு மண்ணுக்கடியில் இன்னும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.