விரதத்தன்று போட்ட ஊசி

கன்னிகாவிடம் என்ன வேலை என்று கேட்டால், "போன்லயே ஆளுங்களத் திட்டற வேலை" என்பாள். பொய்யில்லை. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, குப்பம் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் போன் போட்டு அளவு கேட்பாள், மருந்து போட்டார்களா என்று விசாரிப்பாள், நிலைமை சரியில்லையென்றால் வீடியோவில் டாக்டரைக் கூப்பிடுவாள். நகரி பக்கத்துப் பெண், நர்சிங் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்த வாயில் அதிகம் மாட்டியவர் கிருஷ்ணப்பா. பெண்டாட்டி போன பிறகு தனியாக இருக்கிற மனிதர். இன்சுலின் ஊசியை அடிக்கடி மறந்துவிடுவார். போன வாரம் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"நைனா, வானமே இடிஞ்சு வுழுந்தாலும் காலைல ஊசி போடணும், ஆமா!"

இந்தச் சனிக்கிழமை காலை அவராகவே கூப்பிட்டு, "போட்டுட்டேம்மா" என்றார். சபாஷ் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மதியம் பக்கத்து மேசைக்காரர் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கன்னிகாவின் வயிறு கூப்பாடு போட்டது. புரட்டாசிச் சனிக்கிழமை, அவளுக்கு விரதம். அப்போதுதான் சுரீரென்றது. கிருஷ்ணப்பாவும் பெருமாள் பக்தராயிற்றே! படையல் போடும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. வெறும் வயிற்றில் ஊசி போட்டிருந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆளே போய்விடுவாரே! ஐயோ, இதைக் கேட்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியைக் கூப்பிட்டு ஓடச் சொன்னாள். 108-க்கும் சொல்லியாயிற்று. டாக்டரையும் சேர்த்துக்கொண்டு, பாப்பாத்தியின் போன் வழியாக வீடியோவில் பார்த்தால், கிருஷ்ணப்பா சுவரில் சாய்ந்து கிடக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது, உடனே இனிப்புத் தண்ணீர் கொடுங்கள் என்றார். பாப்பாத்தி வெல்லத்தைக் கரைத்து எடுத்து வந்தாள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"குடிக்க மாட்டேங்கறாரும்மா! இன்னும் படையல் போடலன்னு சொல்லிக்கினு கீறாரு!"

டாக்டர் தெலுங்கில் கெஞ்சினார், அதட்டினார். ஊஹூம். கன்னிகாவுக்கு அழுகை முட்டியது. உயிர் போகிற நேரத்தில் என்ன பிடிவாதம் இது! பிடிவாதக்காரரோடு வாதாடி என்ன பயன்?

"அக்கா, அந்தத் தண்ணிய அப்பிடியே பெருமாள் படத்துக்கு முன்னாடி வெச்சு சூடம் காட்டுங்க. சீக்கிரம்!"

பாப்பாத்தி சூடம் கொளுத்தினாள். "கோவிந்தா!" என்று கன்னிகா இங்கே கத்திய கத்தலில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அங்கிருந்து பாப்பாத்தியும், "கோவிந்தா!"

"நைனா, படையல் ஆயிடுச்சு. இது பிரசாதம். வேணாம்னுவீங்களா?"

கிருஷ்ணப்பா வாயைத் திறந்தார். ஸ்பூன் ஸ்பூனாக உள்ளே போயிற்று. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பாப்பாத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெளிந்துவிட்டார்.

சாயங்காலம் குப்பம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவரே பேசினார். கன்னிகா பிடித்துக்கொண்டாள்.

"பட்டினி கெடக்கற ஆளு எதுக்கு நைனா ஊசி போட்டீங்க?"

"போடலன்னா நீ கோச்சிக்கினு போன் பண்றத வுட்டுட்டா? தெனம் என்னோட பேசற ஆளு நீ ஒருத்திதானம்மா."

"நாளைக்கும் பண்றேன் நைனா" என்றாள் கன்னிகா.