பங்கில் வைத்த கார்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: பாகப் பேச்சை முடித்துவைக்க வந்த தாய்மாமா. பத்திரம் எழுதக் கர்ணம். கதவுக்குப் பின்னால் அம்மா. என் தம்பி. அவன் பெண்டாட்டி. நான்.

தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். காரணம் கொட்டகையில் நின்ற கார்தான்.

சண்டைக்காலத்தில் மிலிட்டரியில் லாரி ஓட்டப் போனேன். திரும்பி வந்தபோது கையில் இருந்த பணத்துக்கு அதை வாங்கினேன். மலையில் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தார். பந்தயத்துக்கென்று செய்த வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, துணி மூடிதான். அப்போதே அதற்கு வயசு பதினைந்துக்கு மேல். அதில் மூட்டை ஏற்ற முடியாது. ஊரில் ஒருத்தருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடுதான் இருப்பேன். கரிசல் தூசி எல்லா இடத்திலும் ஏறும். கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டு, திருகைத் திருப்புவேன். எஞ்சின் இடுக்கில் கசியாமல் வைக்கிற கேஸ்கட் கிடைக்காது. அட்டையில் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போடுவேன். சரியானால் புளியங்குடி வரை போய்த் திரும்புவேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் கிடையாது.

"காருக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுதாரு. பெத்த அம்மைக்கு முட்டுவலித் தைலம் வாங்க ஆளில்ல" என்பாள் தம்பி பெண்டாட்டி, எனக்குக் கேட்கும்படி. தைலம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பாகம் பேசுகையில், "காரு என் சம்பளத்துல வாங்கினது" என்றேன்.

தம்பி மாமாவைப் பார்த்துச் சொன்னான். "அவரு பட்டாளத்துல இருக்கையில இங்கன காட்டை உழுதது யாரு மாமா? கேட்டுச் சொல்லுங்க."

கார் பொதுச்சொத்து என்றார் மாமா.

எங்கள் பக்கத்தில் மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். நான் பிரித்தேன். கிணறும் கிணற்றடி நிலமும் ஒரு பங்கு. திருவேங்கடம் ரோட்டில் உள்ள மானாவாரிக் கரிசலும் காரும் இன்னொரு பங்கு. கிணற்றை விட்டுவிட்டுக் கரிசலை எடுக்கிறவன் உண்டா? கார் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

கர்ணம் இரண்டு தடவை வாசித்தார்.

"காரு உள்ள பங்கு" என்றான் தம்பி.

"ஏலே, நல்ல கிணத்த விட்டுட்டா? உனக்கு ஓட்டவே தெரியாதே" என்றார் மாமா.

"யாரு ஓட்டப் போறா? ரோட்டுக் காட்டுல பாழுங்கிணறு கெடக்குல்லா. தண்ணி ஆழத்துல. மாட்டுக்கு எட்டாது, எஞ்சினுக்கு எட்டும். கழட்டிப் பம்புல மாட்டப் போறேன். பாடி மரந்தான, அடுப்புக்கு ஆகும்."

அவன் பெண்டாட்டி சிரித்தாள். பிரித்தது நான். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கொட்டகையில் சத்தம். தம்பியும் ஒரு கொல்லரும். எஞ்சினைப் பிடித்திருக்கிற போல்ட்டில் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

"தள்ளும் வே" என்றேன் கொல்லரிடம்.

"வண்டி இப்ப என்னோடது" என்றான் தம்பி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகம் பார்த்து அவன் பேசியது அதுதான்.

"தெரியும்."

"கூலி கீலின்னு கேக்கக் கூடாது."

"கேக்கல."

"பொறவு என்னத்துக்கு?"

"அடிச்சா போல்ட்டு மரை போயிரும். அப்புறம் எஞ்சின் எதுலயும் நிக்காது."

தண்ணீரை வடித்தேன். ஆயிலை வடித்தேன். கார்புரேட்டர் இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றினேன்.

"அதுவும் சேத்துத்தான்" என்றான் தம்பி.

அவன் காலடியில் வைத்தேன். மத்தியானம் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கினார்கள். பாரம் போனதும் வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பி நின்றது. அடுப்புக்கு எப்போது உடைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

எஞ்சினைப் பிடித்திருந்த போல்ட்டு நாலு. ஒன்று உளியில் முறிந்தது. மரை கெடாமல் வந்தது மூன்று.