பீச்சாங்கை பேஸ்

வண்ணாரப்பேட்டையில் என் தோஸ்தின் வீட்டில் ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த ஒரு ரேடியோகிராம் இருந்தது. அவனுடைய சாச்சா மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது, அலமாரி அளவு. அவர்களுக்கு மெத்தைக் கடை. கூடத்தில் இலவம்பஞ்சு மூட்டைகள் கூரைவரைக்கும் அடுக்கியிருக்கும். அந்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நாங்கள் மூன்று பேரும், கிட்டார் வாசிக்கும் லீடர், டிரம்ஸ் அடிக்கும் தோஸ்து, ஒன்றுமே வாசிக்கத் தெரியாத நான், அப்போது உலகத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த அந்த நால்வரின் இசைத்தட்டைக் கேட்டோம். பஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிட்டது. பாட்டின் வார்த்தைகள் போயின, கிட்டாரின் பளபளப்பு போயிற்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று. தும். தும்-தும். தும்.

தொப்புளுக்குக் கீழே வந்து விழுந்தது அது.

பகலெல்லாம் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன் நான். இரும்புக் கயிறு சுற்றும் உறுமல், கிளம்புகிற கப்பல் நெஞ்சுக்கூட்டுக்குள் ஊதும் சங்கு, எல்லாம் பழகின காது. ஆனால் இந்தச் சத்தம் நடந்தது! படி இறங்கியது, தாவி ஏறியது, திரும்பி வந்து கிட்டாரின் தோளில் கையைப் போட்டது.

"இது இன்னாது?" என்று கேட்டேன்.

"பேஸு," என்றார் லீடர். "நாலு கம்பி கிட்டாரு. அது இல்லாம பேண்டே கெடையாது. அதுக்குத்தான் ஆளு தேடிக்கினு கீறேன்."

"நான் வாசிக்கிறேன்."

"உனுக்குக் கிட்டாரே புடிக்கத் தெரியாதே நைனா."

"அதுல ஆறு கம்பி. இதுல நாலுதானே?"

தோஸ்து சிரித்துச் சிரித்து மூட்டையிலிருந்து உருண்டான். லீடர் சிரிக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் முதல் கல்யாணம். ஐந்து மாதம் இருந்தது. "அதுக்குள்ள கருவியும் வரணும், கையும் வரணும். வரலைன்னா பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒருத்தரு சீமை பேஸே வச்சிக்கினு கீறாரு, அவரக் கூப்ட்டுக்குவேன். அப்பால மூஞ்சியத் தூக்கக் கூடாது, ஆமா."

அன்றிலிருந்து எனக்கு வேறு கவலையே கிடையாது. அந்தக் குழுவில் என் இடம். அது போதும், சோறு வேண்டாம்.

கருவியை நான் கண்டது இசைத்தட்டின் உறையில்தான். வயலினை ஊதிப் பெரிதாக்கினது போல இடுப்பு ஒடுங்கின, தேன் நிறப் பலகை. பார்த்த கணத்தில் தீர்ந்தது, வேறு எந்த உருவமும் செல்லாது. அந்த நால்வரில் அதை வாசித்தவருடைய சத்தம் வேண்டுமென்றால் அவருடைய பலகைதான் வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நடிகரைப் பார்த்துத் தலை வாருகிறவனிடம் போய் ஏன் என்று கேட்பார்களா? பேஸ்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முதன்முதலில் எவன் வயிற்றில் அடித்தானோ அவன் கையில் இருந்ததுதான் கருவி. மற்றதெல்லாம் விறகு.

படத்தில் ஒரு சங்கதி உறுத்தியது. கிட்டாரின் கழுத்து ஒரு பக்கம் நீண்டிருக்க, பேஸின் கழுத்து எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. வலக்கை கழுத்தைப் பிடித்திருந்தது, மீட்டியது இடக்கை.

"படத்தத் திருப்பிப் போட்டுட்டான்," என்றான் தோஸ்து.

"அப்ப பக்கத்துல கீற கிட்டாருக்காரன் மட்டும் எப்டி நேரா நிக்கிறான்?" லீடர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தீர்ப்புச் சொன்னார். "இது வேற கணக்கு. கிட்டாருக்குச் சோத்தாங்கை, பேஸுக்குப் பீச்சாங்கை. ரெட்டக் கதவு மாரி. இவன் இப்டித் தொறப்பான், அவன் அப்டித் தொறப்பான்."

"ஒரே மைக்குல பாடச் சொல்லோ கழுத்து முட்டிக்காது மாமு!" என்று தோஸ்து துள்ளினான்.

எவ்வளவு பொருத்தம்! மூன்று பேருக்கும் துளி சந்தேகம் இல்லை. பேஸ் என்பது இடக்கை வாத்தியம்.

செய்து கொடுத்தவர் ராயபுரத்தில் சவப்பெட்டி செய்யும் ஆசாரி. பலகையை அவரைப் போல வழவழவென்று இழைக்க அந்தப் பக்கம் ஆள் கிடையாது. உறையைக் காட்டினேன்.

"இதுக்குள்ள ஆளு எப்டிப் படுப்பான்?" என்றார்.

"படுக்கிறது இல்ல ஆசாரி, தோள்ல மாட்டிக்கிறது. சத்தம் வரும்."

"நான் செஞ்ச பொட்டி எதுவும் இதுவரிக்கும் சத்தம் போட்டது இல்ல நைனா. போட்டா மொத ஆளா ஓடிடுவேன்."

படத்தில் இருந்தபடியே செய்தார், இம்மி பிசகவில்லை, கழுத்து வலப்பக்கம். கொருக்குப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், தந்தியின் அதிர்வைப் பிடிக்க, மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய டெலிபோன் காந்தத்தின் மேல் முடி போன்ற கம்பியைச் சுற்றித் தந்தார். நாலு தந்திகள் மட்டும் அசல். ஒரு சரக்குக் கப்பலின் சமையற்காரர், ஒரு கூடை பங்கனப்பள்ளி மாம்பழம் வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த நடையில் மறக்காமல் கொண்டுவந்தார்.

மாட்டி, மீட்டினேன். கணங் என்றது. தகர டப்பா.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தோஸ்து எழுந்து வந்து பலகையைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "நீ எங்க ஒக்காந்து கேட்ட அந்தப் பாட்ட?" என்றான். ஒரு பிடி இலவம்பஞ்சைத் துணியில் சுருட்டி, பலகையின் அடிக்கோடியில் தந்திகளுக்குக் கீழே திணித்தான். "இப்ப அடி."

தும்.

டேய்! என்ன கத்து கத்தினோம் தெரியுமா, கடையில் மெத்தை பார்க்க வந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். கடல் தாண்டி இருந்த ஒரு மனிதரின் விரல், வண்ணாரப்பேட்டைப் பஞ்சுக்குள் புகுந்து என் பலகையில் வந்து நின்றது.

மிச்சமிருந்த மாதமெல்லாம் இடக்கைக்காகவே வாழ்ந்தேன். விஞ்சின் கைப்பிடியை அதனால் பிடித்தேன், சீப்பை, டீ கிளாஸை அதனால் பிடித்தேன். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "மேடை ஏறிப் பீச்சாங்கையால வாசிப்பியா? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?"

"கருவியே அப்டித்தாம்மா."

"அந்தக் கருவியக் கண்டுபுடிச்சவன் சோறு துன்னுவானா மாட்டானா?"

கல்யாணம் வந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் சாயங்கால வரவேற்பு. மேடையில் எல்லாம் தயார். டூரிங் டாக்கீஸிலிருந்து கழற்றிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றை என் பேஸுக்கென்று பெட்டி கட்டி வைத்திருந்தோம். அப்போது நீளப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, சட்டை இஸ்திரி கலையாமல், பெரம்பூர்க்காரர் வந்தார். எனக்குக் கை வராவிட்டால் இருக்கட்டும் என்று லீடர் சொல்லி வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மேன், நீ லெஃப்டா?"

"இல்லியே. பேஸு இப்டித்தானே?"

அவர் பெட்டியைத் திறந்தார். நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகக் கருஞ்சிவப்பு, அசல் சீமைக் கருவி. அதை எடுத்துத் தோளில் மாட்டினார். கழுத்து இடப்பக்கம் நீண்டது. லீடரின் கிட்டாரைப் போலவே.

"யார் சொன்னது உனக்கு?"

இசைத்தட்டு உறையைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அந்த ஆளுக்கே பீச்சாங்கை மேன்! அவருக்கு அப்படித்தான் வரும். மத்த பேர் எல்லாம் இப்படித்தான் வாசிக்கிறோம்!" பிறகு குனிந்து பஞ்சைக் கண்டார். "இது என்ன, தலகாணி வாசிக்கப் போறியா? நான் கேட்டுக் கத்துக்கிட்ட பேஸ்காரன் அமெரிக்காவில இருக்கான், அவன் தட்டினா கண்ணாடி உடையணும். அதுக்காகவே இந்த பேஸ் வாங்கினேன்."

நான் லீடரைப் பார்த்தேன். லீடர் தரையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் சொன்னேன், பீச்சாங்கைன்னு," என்றார். பெண்ணின் அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லீடர் குரலைத் தாழ்த்தினார். "கல்யாண வூடு நைனா. பேஜார் ஆயிடும். அவரே வாசிக்கட்டும். நீ எறங்கு."

பெரம்பூர்க்காரரைப் போலத் திருப்பிப் பிடித்தால் நான் யாரோ. என் விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தத் தலைகீழ்தான். தோளிலிருந்து வாரைக் கழற்றக் கை போனது, கழற்ற வரவில்லை.

தோஸ்துதான் பேசினான். "இன்னா லீடரே, இத்தினி மாசமா அவன் வாசிச்சதக் கேட்டியா, பாத்தியா? சத்தத்துல எந்தக் கைன்னு எழுதிக் கீதா?"

கூட்டத்தில் ஒருவர், "இன்னாப்பா, பாட்டா, மீட்டிங்கா?" என்று கத்தினார்.

"ஒரே பாட்டு," என்றார் லீடர் என்னிடம். "ஜனம் எந்திரிச்சா நீ. எந்திரிக்கலன்னா நீயே எறங்கிடு."

பெரம்பூர்க்காரர் மேடையோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கருவி மடியில், தயாராக.

தொடங்கினோம். முதல் வரி முழுக்க என் கண் என் கையிலேயே இருந்தது. முதல் முறையாக அது எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. எல்லோரும் அந்தக் கையையே பார்ப்பது போல. யாரும் எழவில்லை. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது. இரண்டாவது வரியில் கண்ணை மூடினேன். நாலாவது தந்தியை, அடியிலிருந்து, கப்பல் கிளம்புகிற மாதிரி விட்டேன்.

கொட்டகையின் தகரம் ஹ்ம்ம் என்றது. கண்ணைத் திறந்தேன். மேசையில் ரோஸ்மில்க் கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஒரு பெரியவர் தன் கிளாஸை எடுத்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தார். பின்வரிசையில் எங்கள் விஞ்ச் ஆட்கள். "மாமு, வவுத்துல இடிக்குதுடா!" என்று ஒருத்தன் எழுந்தான், பக்கத்தில் இருந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். பிறகு மாப்பிள்ளையின் தம்பிகள். பிறகு பெண்ணின் அத்தைகள் மூன்று பேர், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, அதைப் பார்த்துத்தான் எனக்குத் தலைசுற்றியது, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு! நாற்காலிகள் சுவரோரம் பறந்தன. என் இடக்கை எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது, நான் அதன் பின்னால் ஓடினேன்.

பாட்டு முடிந்தது. யாரும் உட்காரவில்லை.

லீடர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேடையோரம் குனிந்து, "சார், நீங்க சாப்ட்டுத்தான் போவணும். பிரியாணி சூடா கீது," என்றார். பெரம்பூர்க்காரர் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியை மூடினார்.

அப்புறம்தான் லீடர் தோளுக்கு மேலே எறிந்தார், வழக்கமாக வாசிக்கிறவனிடம் சொல்கிறாற்போல: "அடுத்தது ஜி ஸ்கேலு. நாலு எண்ணிட்டு வா."

எண்ணவா? இரண்டு எண்ணுவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். தோஸ்து திட்டிக்கொண்டே டிரம்ஸோடு ஓடி வந்து என் தாளத்தில் ஏறிக்கொண்டான்.