காற்று ஏறாத மூலை

என் வீட்டுக்காரர் கடலில் பிழைத்தவர். தோணியை நடத்துகிறவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்போம். அவர் கொழும்புக்கு ஓடிய ஒரு தோணிக்குத் தண்டல். உலக யுத்தம் வந்தபின் கடலில் வெடி மிதக்கிறது என்றார்கள். அவருடைய அண்ணன் போன தோணி திரும்பி வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அதோடு நான் ஒரே பிடியாக நின்றேன். பட்டினி கிடந்தாலும் தரையில் கிடப்போம், இனிக் கடல் வேண்டாம். என் தாய்வழியில் எனக்குத் தேரி ஓரம் கொஞ்சம் நிலம் வந்திருந்தது. செம்மணல் மேடும் பனையும் உடைமரமுமான பூமி. அங்கே போனோம்.

அவர் வந்தார், ஆனால் முழுசாக வரவில்லை. தோணியின் பாய் ஒன்றையும் கூடவே தூக்கி வந்து பரணில் வைத்தார். அடிக்கடி இறக்கி வெயில் காட்டுவார், மோந்து பார்ப்பார், சுருக்கம் விழாமல் மடிப்பார். நான் தெரியாமல் அதன் ஓரத்தை மிதித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுதும் என்னோடு பேச்சு கிடையாது. சாயங்காலமானால் மணல்மேட்டில் ஏறி நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். நான் அடுப்படியிலிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பாய் பரணில் இருக்கிறவரை எனக்கு நிம்மதி இல்லை. இந்த மண்ணில் ஏதாவது ஒன்று ஜெயித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் போய்விடுவார்.

ஒன்றும் ஜெயிக்கவில்லை. நிலக்கடலை விதைத்தோம், ஆடிக்காற்று மணலை அள்ளி அதன்மேல் கொட்டி, எந்த வரிசையில் விதைத்தோம் என்பதே தெரியாமல் செய்துவிட்டது. பிறகு பன்றி. எங்கள் ஜனம் பன்றிக்கறி தின்னும், ஆகையால் வளர்க்கவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். சோறு தின்கிறவனுக்கெல்லாம் உழவு தெரியுமா? கடற்கரைக்காரருக்குத் தீனி என்றால் மீன். ஊரிலிருந்து மீன்தலையும் குடலும் கூடைகூடையாக வரவழைத்துப் போட்டோம். பன்றி நன்றாகக் கொழுத்தது. ஈஸ்டருக்கு அறுத்து, சொந்தக்காரரையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டோம். சட்டியைத் திறந்ததும் வீடே சாளை மீன் நாற்றம். என் அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து, “ஏளா, இது நாட்டுப்பன்னியா, கடல்பன்னியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு பக்கத்து நாசரேத் ஊரிலிருந்து ஒரு சினைப்பன்றியை வாங்கி வந்தோம். அதற்குத் தவிடும் பனங்கிழங்கும்தான் தீனி, மீன் கிடையாது. அதே வாரத்தில் தோணி முதலாளி ஒருவர் இவருக்கு ஆள் அனுப்பினார், தண்டல் வேலைக்கு வரச் சொல்லி. இவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். “இந்த ஈத்துல குட்டிக தங்குனா இருக்கேன். தங்கலன்னா கார்த்திகை கழிஞ்சதும் தூத்துக்குடிக்குப் போறேன். நீ என்னத் தடுக்கக் கூடாது, பாத்துக்க.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றிலிருந்து அந்தப் பன்றியின் வயிறுதான் எனக்குக் கோவில்.

அதற்குக் கூடு கட்டினார். தோணிக்காரர் கட்டிய கூடு. எல்லாம் காற்றுக் கணக்கு. நிலத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் முகத்தைக் காட்டிவிட்டு, கிழக்குக் கடைசியில் இடம் பார்த்தார். கச்சான் மேற்கேயிருந்து அடித்தால் நாற்றம் கடலுக்குப் போகும், கொண்டல் கிழக்கேயிருந்து வந்தால் மழையும் கூட வரும், மழையில் நாற்றம் அமுங்கும் என்றார். தென்மூலையில் மணல்மேட்டுக்கு அடியில் மேடான ஓர் இடம் உண்டு, ஒரு பெரிய உடைமரம் குடை பிடித்த மாதிரி நிற்கும். அங்கே கட்டலாமே என்றேன். “காத்தே ஏறாத மூல. அங்கன மனுசன் நிப்பானா?” என்று முகத்தைச் சுளித்தார்.

அதற்குக் கிழக்கே அடுத்த நிலம் ஒரு கடைக்கார அண்ணாச்சியுடையது. பனையும் ஒரு கிணறும் வைத்திருந்தார். பன்றி என்றாலே துண்டால் மூக்கைப் பொத்துகிறவர். கூட்டைப் பார்த்ததும் பஞ்சாயத்து போர்டில் மனுக் கொடுத்துவிட்டார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தேரி மணலில் தள்ளிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து பிளான் கேட்டார். இவர் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். கச்சானுக்கு ஓர் அம்பு, கொண்டலுக்கு ஓர் அம்பு, வாடைக்கு ஓர் அம்பு, அழகான படம். இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கிணறு எங்கய்யா?”

படத்தில் கிணறு இல்லை. அண்ணாச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். “மழ பெஞ்சா உம்ம பன்னி மூத்திரம் எங்க ஓடும்வே? சரிவு எம்பக்கமில்லா இருக்கு! நான் அதையா குடிக்கணும்?”

இவர் சரிவை நினைத்தே பார்க்கவில்லை. கடலில் தண்ணீருக்கு ஏது மேடு பள்ளம்? மழை பிடிக்குமுன் கூட்டைப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. தப்பு என்று தெரிந்தாலும் இவர் பிரிப்பதாயில்லை. ஈனப்போகிற பன்றியை இடம் மாற்றினால் குட்டி தங்காது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு பக்கமும் பயம்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானத்துக்குமேல் வானம் கறுத்துவந்தது. அண்ணாச்சியின் சத்தம் கேட்டது. “தண்டலாரே! உம்ம பன்னி என் ஓலையக் களவாங்குதுவே!”

ஓடிப்போய்ப் பார்த்தோம். கூட்டுப் படலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அண்ணாச்சி அடுக்கி வைத்திருந்த பனையோலையில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல், வயிறு மண்ணில் இழுபட நடந்தது. கிறுக்குப் பிடித்துவிட்டது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மூன்று பேரும் பின்னாலேயே போனோம். நேராகத் தென்மூலைக்குப் போயிற்று.

உடைமரத்தடியில் அது குழி பறித்து வைத்திருந்தது. குழிக்குள் புல்லும் சருகும் ஓலைத்துண்டும் வட்டமாக அடுக்கியிருந்தது. கொண்டுவந்த ஓலையைப் போட்டு, மூக்கால் தள்ளி, சுற்றிவந்து பார்த்தது. பிடிக்காத ஒன்றைக் கவ்வி மறுபக்கம் வைத்தது. நாங்கள் வாங்கி வந்த நாளிலிருந்து தின்பதும் தூங்குவதும் தவிர வேறொன்றும் செய்யாத பிராணி. இதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? பின்பக்கம் மேட்டின் மறைவு, மேலே மரம், தண்ணீர் நிற்காத உயரம். கிணறு எங்கோ தூரத்தில். நாங்கள் மாதக்கணக்கில் சண்டை போட்ட விஷயத்தை அது ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டது. இவர் அதைத் திருப்பி ஓட்ட ஓரடி எடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

பன்றி படுத்தது. கொஞ்ச நேரத்தில் முதல் குட்டி வந்தது. ஈரமாக மண்ணில் விழுந்து, தலையை உதறி, கண் திறந்தே எழுந்து நின்றது. தொப்புள்கொடியை இழுத்துக்கொண்டே தாயின் பின்காலைச் சுற்றி, விழுந்து விழுந்து எழுந்து, முலைக்கு வந்து சேர்ந்தது. உலகத்துக்கு வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போகவேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது. அடுத்ததும் அதே வழி. அதற்கடுத்ததும். “மாதாவே, மாதாவே” என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். மூக்கைப் பொத்தியிருந்த துண்டு எப்போதோ தோளில் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் மழை. முதல் சொட்டு விழுந்ததும் குட்டிகள் நடுங்க ஆரம்பித்தன. உடைமரத்து இலை எந்த மழையைத் தாங்கும்? அண்ணாச்சி ஓடிப்போய்த் தம் ஓலையையே அள்ளிக்கொண்டுவந்து மேலே போட்டார். காற்று பிடுங்கி எறிந்தது. நான் முந்தானையை விரித்துக்கொண்டு குட்டிகள்மேல் குனிந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஈத்தும் போயிற்று, மனிதரும் போனார் என்று அழுகை வந்தது.

மழைக்குள்ளே வந்தார். தோளில் பாய்.

மரத்துக்கடியில் அது விரிய இடமில்லை. பெரிய பாய், முள்ளில் மாட்டியது. ஒரு நொடி அதைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு, ஓலை வெட்டுகிற அரிவாளை இடுப்பில் செருகியிருந்த அண்ணாச்சியிடம் கையை நீட்டினார். “அருவாளத் தாரும் அண்ணாச்சி.”

அந்தப் பாய் கிழிபட்ட சத்தம் மழையிலும் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று கிளையில் இழுத்துக் கட்டினார், கடலில் கட்டுகிற முடிச்சு, இம்மி அசையவில்லை. அதன்கீழே பன்றி பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தது. குட்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பால் குடித்தன, ஒன்றுகூடச் சாகவில்லை.

“பிளான் போட உம்மவிட உம்ம பன்னிக்குத் தெரியும்வே,” என்றார் அண்ணாச்சி, நனைந்துகொண்டே. “கீழ உள்ளதப் பிரிச்சிரும். இன்ஸ்பெக்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

இவர் குட்டிகளையே பார்த்தபடி குந்தியிருந்தார். மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெளுத்தது. அவர் மேட்டில் ஏறுகிற நேரம் அது. ஏறவில்லை.

வெட்டியது போக மிச்சமிருந்த பாய் சேற்றில் கிடந்தது. நான் எடுத்துப் பிழிந்து, பயந்து பயந்துதான் கேட்டேன், “இத என்ன செய்யட்டும்?”

தலையைத் திருப்பாமலே சொன்னார்.

“அடுத்த ஈத்துக்கு வச்சிருளா.”